ஃபிரேம் வரம்பு எப்போது உதவுகிறது, எப்போது கெடுக்கிறது

2012 ஆகஸ்டில் டார்க் சோல்ஸ் விளையாட்டு பிசிக்கு வந்தபோது ஒரு பூட்டுடன் வந்தது. எவ்வளவு திறன்மிக்க கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினாலும் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் 30 படங்களுக்கு, மேல் அது ஓடாது. ரசிகர்கள் அதன் நிரலைக் குடைந்து அந்தப் பூட்டைத் திறந்தார்கள். 60 ஃபிரேமில் காட்சிகள் முன்பைவிடச் சீராக ஓடின. ஆனால் கதாபாத்திரம் தாண்டும் தூரம் குறைந்துபோனது, ஏணியில் சறுக்கி இறங்கினால் சில இடங்களில் தரையை ஊடுருவிக் கீழே விழுந்தது. காட்சியின் வேகத்தை மாற்றப் போனவர்களுக்கு விளையாட்டின் விதிகளும் சேர்ந்து மாறிவிட்டன.

ஃபிரேம் வரம்பு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது என்பதற்கு இதுவே சான்று. அந்த வரம்பை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. விளையாட்டின் கணக்குகள் ஃபிரேமையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டிருப்பதால் தயாரிப்பாளர் போடும் பூட்டு ஒரு வகை. விளையாடுபவர் தன் மானிட்டருக்கும் கார்டுக்கும் ஏற்பத் தானே வைத்துக்கொள்ளும் வரம்பு வேறொரு வகை. முதலாவதைக் குறை என்று தயங்காமல் சொல்லலாம். இரண்டாவது, பலர் தொடாமலே விட்டுவிடும் ஒரு நல்ல கருவி.

ஒரு ஃபிரேம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். மவுஸிலும் கீபோர்டிலும் இருந்து வந்த கட்டளைகளைப் பிராசஸர் படிக்கிறது. எந்தப் பொருள் எங்கே நகர்ந்தது, எது எதில் மோதியது என்று கணக்கிடுகிறது. எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்துக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது. கார்டு வரைந்து முடித்த படத்தை மானிட்டர் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகத் திரையில் காட்டுகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இதை 16.7 மில்லி நொடிக்கு ஒரு முறை செய்யும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லி நொடிக்கு ஒரு முறை. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணைவிட, ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லி நொடி என்று பார்ப்பதே தெளிவு தரும். 30லிருந்து 60க்குப் போனால் ஃபிரேம் ஒன்றுக்கு 16.7 மில்லி நொடி மிச்சமாகிறது. 144லிருந்து 240க்குப் போனால் 96 ஃபிரேம் கூடினாலும் மிச்சம் 2.8 மில்லி நொடிதான். விளம்பரங்கள் முதல் எண்ணைக் காட்டுகின்றன. கண்ணும் கையும் உணர்வது இரண்டாவதை.

மனிதக் கண்ணால் நொடிக்கு 24 படங்களுக்கு மேல் பார்க்க முடியாது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது தவறு. பேசும் படங்கள் வந்த 1920களின் இறுதியில், ஒலித்தடத்துக்குப் போதுமான வேகமும் ஃபிலிம் செலவும் ஒத்துப்போகும் அளவாக 24 நிலைபெற்றது. அதிலும் திரையரங்கு புரொஜெக்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை ஒளிரச் செய்யும். இல்லையென்றால் திரை சிமிட்டுவது கண்ணை உறுத்தும். மேலும் சினிமா கேமரா ஒவ்வொரு படத்திலும் அசைவின் மங்கலையும் சேர்த்தே பதிவு செய்கிறது. கணினி விளையாட்டு வரையும் ஃபிரேமோ பெரும்பாலும் ஒரு கணத்தின் கூர்மையான படம். அதனால் சினிமாவில் உறுத்தாத 24, விளையாட்டில் விட்டு விட்டுத் தெரிகிறது.

எல்சிடி திரையில் இன்னொரு விஷயமும் உண்டு. அடுத்த ஃபிரேம் வரும்வரை ஒவ்வொரு ஃபிரேமும் அசையாமல் நிற்கிறது. ஆனால் நகரும் பொருளைப் பின்தொடரும் நம் கண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நின்ற படத்தின் மீது கண் நகர்வதால் விழித்திரையில் அந்தப் படம் இழுபட்டு மங்குகிறது. 1920 பிக்சல் அகலமுள்ள திரையை ஒரே நொடியில் கடக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், 60 ஹெர்ட்ஸில் இந்த மங்கலின் அகலம் 32 பிக்சல், 120 ஹெர்ட்ஸில் 16, 240 ஹெர்ட்ஸில் 8. வேகமாகத் திரும்பும்போது எதிரியின் உருவமும் சுவரில் எழுதியிருப்பதும் அடையாளம் தெரிவது இந்த எண்ணைப் பொறுத்தது. ஆகவே 60க்கு மேலும் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் ஒவ்வொரு படியிலும் பாதியாகிக்கொண்டே போகிறது.

இனி, தயாரிப்பாளர் போடும் பூட்டு. இதன் வேர் பழையது. 1978இல் ஜப்பானில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில் 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசை கட்டி இறங்கி வருவார்கள். ஒரு ஃபிரேமுக்கு ஒருவர்தான் நகர்வார். 55 பேரும் இருக்கும்போது கூட்டம் முழுவதும் ஒரு அடி எடுத்துவைக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். சுடச்சுடக் கூட்டம் குறையும், வேகம் ஏறும். கடைசி ஒருவர் மட்டும் எஞ்சும்போது அவர் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்ந்து பாய்வார். விளையாட்டின் பரபரப்பே இதில்தான் இருந்தது. இயந்திரம் ஒன்றே, திரையின் வேகம் ஒன்றே என்றிருந்தவரை ஃபிரேமைக் கடிகாரமாக்கியதில் தவறேதும் இல்லை. திரையின் வேகம் மாறியபோதுதான் சிக்கல் தொடங்கியது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் ஜப்பானிய, அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்காக எழுதிய விளையாட்டுகளில் பல, 50 முறை புதுப்பிக்கும் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடின.

பிசியில் ஒவ்வொருவர் இயந்திரமும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால் இந்தப் பழக்கம் அங்கே இன்னும் மோசமாக வெளிப்படுகிறது. 2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் ரைவல்ஸின் 30 வரம்பை 60 ஆக்கியவர்களுக்குக் கார்கள் இரு மடங்கு வேகத்தில் ஓடின. 2014இல் வந்த டார்க் சோல்ஸ் 2இன் பிசி பதிப்பில் 60 ஃபிரேமில் ஆடியவர்களின் ஆயுதங்கள் கன்சோலில் ஆடியவர்களுடையதைவிட மிக வேகமாகத் தேய்ந்தன; அதற்கான திருத்தம் 2015இல்தான் வந்தது.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது 1999இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் 3 அரீனா. அதில் நேரக்கணக்கு முறையாகவே இருந்தது. ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லி நொடி எடுத்தது என்று அளந்து, அதைக்கொண்டே அசைவைக் கணக்கிட்டார்கள். ஆனாலும் நொடிக்கு 125 ஃபிரேமில் ஆடியவர்கள் மற்றவர்களைவிட உயரமாகக் குதித்தார்கள். காரணம் ஒரு சிறு தோராயம். அந்த விளையாட்டில் ஈர்ப்பு விசையின் மதிப்பு 800, குதிக்கும்போது கிடைக்கும் தொடக்க வேகம் 270. 125 ஃபிரேம் என்றால் ஃபிரேம் ஒன்றுக்கு 8 மில்லி நொடி. அந்த நேரத்தில் ஈர்ப்பு குறைக்க வேண்டிய வேகம் 6.4. ஆனால் நெட்வொர்க்கில் அனுப்பும் தரவைச் சிக்கனப்படுத்துவதற்காக ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் வேகத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்கினார்கள். எனவே உண்மையில் குறைந்தது 6 மட்டுமே. நொடிக்கு 125 முறை 6 என்றால் ஈர்ப்பு 800 அல்ல, 750. குதிக்கும் உயரம் 45.6இலிருந்து ஏறத்தாழ 48.6 ஆகிறது. இதுவே 16 மில்லி நொடி ஃபிரேமாக இருந்தால் 12.8 என்பது 13 ஆகி, ஈர்ப்பு 812ஐத் தாண்டி, உயரம் 45க்கும் கீழே போய்விடும். போட்டியாளர்கள் 125ஐத் தேடிப் பிடித்து அதிலேயே வரம்பு வைத்து ஆடினார்கள். எட்டாத மேடைகள் சில அந்த எண்ணில் மட்டும் எட்டின. பிற்பாடு எல்லோருக்கும் ஒரே கால அளவைக் கட்டாயமாக்கும் அமைப்பு சேர்க்கப்பட்டது.

இதற்குத் தீர்வு நெடுங்காலமாகத் தெரிந்ததே. இயற்பியல் கணக்கை, நொடிக்கு 60 அல்லது 120 முறை என்று, மாறாத ஒரு கால அளவில் தனியாக ஓட்ட வேண்டும். வரைவது தன் போக்கில் எந்த வேகத்திலும் நடக்கலாம். இரண்டு கணக்குகளுக்கு நடுவே ஒரு ஃபிரேம் வரைய நேர்ந்தால், முந்தைய நிலைக்கும் பிந்தைய நிலைக்கும் இடையில் பொருளின் இடத்தை விகிதப்படி கண்டு வரைந்தால் போதும். இப்படி எழுதிய விளையாட்டுக்குப் பூட்டே தேவையில்லை. இவ்வளவு தெளிவான வழி இருந்தும் 2022இல் வந்த எல்டன் ரிங் பிசியில் 60 ஃபிரேமில் பூட்டப்பட்டே வந்தது என்பது, 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் பணம் செலவழித்தவர்களுக்கு நியாயமான வருத்தம்.

விளையாடுபவர் தானே வைத்துக்கொள்ளும் வரம்பின் கதை முற்றிலும் வேறு. கார்டு தன் முழுத் திறனில் திணறும்போது, பிராசஸர் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கான பட்டியல்களைத் தயாரித்து வரிசையில் நிறுத்திவிடுகிறது. விளையாட்டுக்கும் கார்டுக்கும் இடையே நிற்கும் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் அமைப்பில் இந்த வரிசை இயல்பாக 3 ஃபிரேம் வரை நீளலாம். 60 ஃபிரேமில் அது 50 மில்லி நொடி. நீங்கள் மவுஸை அசைத்த கணத்துக்கும் அது திரையில் தெரியும் கணத்துக்கும் இடையே அந்த 50 மில்லி நொடி வீணாக ஏறிக்கொள்கிறது. கார்டால் எட்ட முடிந்த அளவுக்குச் சற்றுக் கீழே வரம்பு வைத்தால் வரிசையே உருவாகாது. ஃபிரேம் எண் குறைந்தும் கட்டுப்பாடு முன்பைவிட உடனடியாகக் கிடைப்பது இதனால்தான். கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2020இல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் என்ற வசதி, விளையாட்டின் உள்ளிருந்தே இந்த வரிசையைக் காலியாக வைத்திருக்கிறது.

இரண்டாவது பயன், இடைவெளியின் சீர்மை. மணிக்கு ஆறு பேருந்து ஓடும் தடத்தில், மூன்று பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றுமே வரவில்லை என்றால், மணிக்கு ஆறு என்ற கணக்கு நிறுத்தத்தில் நிற்பவருக்கு எந்த உதவியும் செய்யாது. ஃபிரேமும் அப்படித்தான். 60 ஹெர்ட்ஸ் திரையில் 45 ஃபிரேம் ஓடினால் சில ஃபிரேம்கள் 16.7 மில்லி நொடியும் சில 33.3 மில்லி நொடியும் திரையில் நிற்கும். சராசரி உயர்வாகத் தெரிந்தாலும் காட்சி தட்டித் தட்டி ஓடும். சீராக வரும் 30 பல நேரங்களில் இதைவிடக் கண்ணுக்கு இதம்.

மானிட்டர் ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போதே கார்டு அடுத்ததை மாற்றிவிட்டால் திரை குறுக்கே கிழிந்ததுபோல் தெரியும். அதைத் தடுக்கும் வி-சிங்க், படம் முழுதாகக் காட்டப்படும்வரை கார்டைக் காக்க வைக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை தாமதம். 2013இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க்கும், அதையடுத்து அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி கொண்டுவந்த ஃப்ரீசிங்க்கும் இந்த உறவைத் தலைகீழாக்கி, ஃபிரேம் வரும்வரை மானிட்டரைக் காக்க வைத்தன. இந்த வசதியுள்ள மானிட்டரில்தான் வரம்பு மிகவும் பயன் தரும். ஃபிரேம் வேகம் மானிட்டரின் உச்சத்தைத் தொட்டதும் இந்த ஏற்பாடு நின்று, பழைய காத்திருப்போ கிழிசலோ திரும்பிவிடும். ஆகவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 141 போல, உச்சத்துக்குச் சற்றுக் கீழே வரம்பை வைக்க வேண்டும். விளையாட்டின் அமைப்புகளிலேயே வரம்பு இருந்தால் அதையே முதலில் பயன்படுத்துவது நல்லது. அது பெரும்பாலும் மவுஸைப் படிப்பதற்கு முன்பே காத்திருப்பதால், வெளியிலிருந்து தடுக்கும் மென்பொருளைவிடத் தாமதம் குறைவு.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் விட்டுவிடக் கூடாது. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளியானபோது, போரின் நடுவே அல்ல, அசைவே இல்லாத மெனு திரைகளில் கார்டுகள் கொதித்தன. வரைய அதிகம் இல்லாததால் கார்டு வரம்பின்றி ஃபிரேம்களை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்து வரம்பு வைக்கும்படி அதைத் தயாரித்த பிளிசார்ட் நிறுவனமே சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் பார்க்காத அந்த ஃபிரேம்கள் அத்தனையும் மின்விசிறிச் சத்தமாகவும் அறையின் சூடாகவும் மாறுகின்றன. லேப்டாப்பில் ஆடினால் பேட்டரியும் அதே கணக்கில் கரைகிறது.

கையில் இருப்பது நடுத்தரக் கார்டு, 60ஐ நிலையாகப் பிடிக்க முடியவில்லை, 30க்கு இறங்க மனமில்லை என்பவர்களுக்கு 40 ஒரு நல்ல எண். மில்லி நொடிக் கணக்கில் 33.3க்கும் 16.7க்கும் சரியான நடு 25. 40 ஃபிரேம் என்பது அதுதான். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று முறை காட்டப்படுவதால் சீர் கெடாது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி தன் 60 ஹெர்ட்ஸ் திரையையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ள இடம் தருவதும் இதே காரணத்தால்தான். ஆனால் சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40ஐ வைத்தால் 45இல் பார்த்த அதே தட்டல் திரும்பிவிடும். அங்கே நிலையான 30ஓ, நிழலையும் ரெசல்யூஷனையும் சற்றுக் குறைத்துப் பெறும் நிலையான 60ஓதான் வழி.