வலையொலியா, ஒலித்தொடரா?

விசித்திரச் செய்திகளையும் அறிவியல் புதிர்களையும் வாரந்தோறும் அலசும் ஒரு பாட்காஸ்டை அண்மையில் கேட்டுக்கொண்டிருந்தேன். 1518ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர் நகரத்து மக்கள் நாள்கணக்கில் ஓயாமல் ஆடித் தீர்த்த கதையைப் பாதியில் நிறுத்திய தொகுப்பாளர், “மீதி எங்கள் வலையொலியில் இருக்கிறது” என்று முடித்தார். நான் யூடியூபைத் திறந்து கால் மணி நேரம் தேடிக் களைத்தேன். அவர் சொன்னது வலையொலி, அதாவது பாட்காஸ்டுக்கு வழங்கும் தமிழ்ப்பெயர். என் காதில் விழுந்தது வலையொளி. யூடியூபுக்கு ‘வலையொளி’ என்ற பெயர் பரவலாக வழங்குவதால், இந்தத் தடுமாற்றம் எனக்கு மட்டும் நேர்ந்திருக்காது.

பாட்காஸ்ட் என்ற சொல்லின் வரலாறு சுருக்கமானது. 2004 பிப்ரவரியில் தி கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையில், புதிதாகத் தலையெடுத்த இணையவழிப் பேச்சு நிகழ்ச்சிகளை எப்படி அழைப்பது என்று வினவிய பென் ஹேமர்ஸ்லி, தாமே முன்வைத்த சில பெயர்களுள் ஒன்றாக இதைப் போகிறபோக்கில் குறிப்பிட்டார். ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாடின் ‘பாட்’, பிராட்காஸ்டின் ‘காஸ்ட்’ இரண்டும் ஒட்டிய சொல் அது. மறு ஆண்டே நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஐபாடின் உற்பத்தி 2022இல் நின்றுபோன பிறகும் அதன் வால் மட்டும் இச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிராட்காஸ்ட் என்பதோ முதலில் உழவர் சொல். விதையைக் கையால் வீசித் தெளிப்பதே அதன் பழைய பொருள். அந்த வகையில் ‘ஒலிபரப்பு’ என்று தமிழாக்கியவர்கள் பொருளறிந்துதான் ஆக்கினார்கள்.

வலையொலியை ஆக்கியவர்களிடம் அந்தக் கவனத்தைக் காண முடியவில்லை. முழுக்க முழுக்கச் செவியை நம்பியிருக்கும் ஓர் ஊடகத்திற்கு, செவியால் பிரித்தறிய முடியாத பெயரைச் சூட்டியிருக்கிறோம். எழுத்தில் லகரமும் ளகரமும் தெளிவாகத் தெரியும்; விரைவான பேச்சில், அதிலும் ளகரத்தை நாவை மடித்துச் சொல்லும் பழக்கமே தேய்ந்துவிட்ட பேச்சில், இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். முதல் லகரமும் வழுக்கிவிட்டால் ‘வளையொலி’ என்று கையிலுள்ள வளையல் குலுங்கத் தொடங்கிவிடும். ஒலிபரப்பும் ஒளிபரப்பும் இதே சிக்கல் உடையவைதாமே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அவற்றுக்கு முன்னால் வானொலி, தொலைக்காட்சி என்ற இரு வேறு சொற்கள் நின்று குழப்பத்தைத் தீர்த்துவிடும். வானொலி என்று ஒன்று இருக்கும்போது மற்றொன்றை ‘வானொளி’ என்று அழைக்காமல் தொலைக்காட்சி என்றார்களே, அந்த முன்யோசனைதான் இங்கே இல்லை.

‘வலை’ என்ற முன்னொட்டின்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. இணையத்தில் இருக்கும் எதற்கும் வலையைப் போட்டுவிட்டால் கலைச்சொல் ஆகிவிடும் என்ற எண்ணம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஊறிவிட்டது: வலைதளம், வலைப்பதிவு, வலைப்பூ, வலைக்காட்சி. ஒரு பொருள் எங்கே கிடைக்கிறது என்பதைச் சொல்லும் இப்பெயர்கள், அது என்ன என்பதைச் சொல்வதில்லை. தரவிறக்கி வைத்துக்கொண்டு இணைப்பே இல்லாத இடத்தில் கேட்பதற்குத்தான் பாட்காஸ்ட் தோன்றியது. வலையில் கிடைக்கும் பாட்டும் வலையொலிதான், கைப்பேசிக்கான மணியோசையும் வலையொலிதான். அப்படியானால் இச்சொல் எதைத்தான் பிரித்துக் காட்டுகிறது?

பாட்காஸ்டின் இயல்பு வேறு. முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டு, பகுதி பகுதியாக வெளிவந்து, விரும்பிச் சேர்ந்தவருக்குப் புதிய பகுதிகளைக் கொண்டுதரும் இணைய ஓடையின் (ஃபீட்) வழியாகத் தானே வந்து சேர்வது அது. ஆகவே ‘ஒலித்தொடர்’ என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. வார இதழ்த் தொடர்கதையில் பழகிய தமிழருக்குத் ‘தொடர்’ விளக்கம் வேண்டாத சொல். வினையாகக் கொண்டால் பின்தொடர்வதையும் அதுவே குறிக்கும். ‘ஒலியோடை’ என்று சிலர் சொல்வது செவிக்கு இனிமைதான், ஆனால் நேரலையாகப் பாயும் ஒலிக்கும் அப்பெயர் பொருந்துவதால் மீண்டும் மயக்கமே மிஞ்சும். ஒலித்தொடர் என்றால் நாடகம் என்று எண்ணிவிடுவார்களே என்பார்க்கு, ‘அறிவியல் ஒலித்தொடர்’, ‘சமூக ஒலித்தொடர்’ என்று அடைமொழி சேர்த்தால் போதும் என்பேன். பேச்சில் பாட்காஸ்ட் என்றே சொல்பவரோடு எனக்குப் பிணக்கில்லை. அதைக் கேட்டு எவரும் யூடியூபில் போய்த் தேடமாட்டார்.

தொடர் என்று கொண்டால் எபிசோடை ‘அத்தியாயம்’ என்று நூலின் கணக்கில் சேர்க்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பகுதி என்றாலே போதும்: ‘ஸ்திராஸ்பூர் ஆட்டம், இரண்டாம் பகுதி, இதே ஒலித்தொடரில்’ என்று அந்தத் தொகுப்பாளர் சொல்லியிருந்தால், நான் யூடியூபைத் திறந்தே இருக்கமாட்டேன்.