அன்றே கட்டிய பல்லும் தீபாவளி முறுக்கும்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் குடியிருக்கும் ஓர் அங்கிளுக்கு முன்பல் வேரோடு உடைந்துவிட்டது. அதைப் பிடுங்கி, அதே குழியில் இம்ப்ளாண்ட், அதாவது வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் திருகு, வைத்து, அன்று மாலையே தற்காலிகப் பல்லும் பொருத்தி அனுப்பினேன். தீபாவளிக்குப் பல்லோடு சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. சிரித்தார், முறுக்கும் கடித்தார். நாலாவது வாரம் வந்தபோது விரல் வைத்ததும் இம்ப்ளாண்ட் ஆடியது.

"வலிக்கவே இல்லையே டாக்டர்!"

வலிக்காது, அதுதான் சிக்கல். வைத்த அன்று திருகு எலும்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கமாவது கிடைத்தால்தான் அன்றே பல் கட்டுவதைப் பற்றி நான் யோசிப்பேன். அப்புறம் உடம்பு தன் வேலையை ஆரம்பிக்கிறது. திருகை ஒட்டிய பழைய எலும்பைக் கரைத்துப் புதியதைக் கட்டும்போது, பழையது போய் புதியது இன்னும் இறுகாத ஒரு கட்டம் வரும், ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை. அந்த நாள்களில் திருகு 150 மைக்ரானுக்கு மேல், அதாவது இரண்டு தலைமுடி தடிமனுக்கு, அசைந்துகொண்டே இருந்தால் எலும்பு வரவேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்துவிடும். பல் இம்ப்ளாண்டின் முன்னோடியான சுவீடனின் பிரோனமார்க் வகுத்த பழைய முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் ஈறுக்கடியில் மூடிவைத்தது சும்மா இல்லை.

முன்பல்லில் இன்னொரு தொல்லை. உதட்டுப் பக்கத்து எலும்புச் சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இருக்காது, பல் போனதும் தானாகவே கரையும். இம்ப்ளாண்ட் வைத்தால் கரைவது நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள், நிற்காது. அதனால்தான் திருகை அண்ணப் பக்கம் தள்ளி வைத்து, முன்னால் உள்ள இடைவெளியில் எலும்புத் துகள் நிரப்புகிறோம். தற்காலிகப் பல்லையும் எதிர்ப்பல் தொடாதபடி தேய்த்துவிடுவோம், கலர் தாளைக் கடிக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்து. அந்தப் பல் சிரிக்க மட்டும்தான். சிகரெட், கட்டுக்குள் வராத சர்க்கரை, தூக்கத்தில் பல் கடிக்கிற பழக்கம் இருந்தால் அன்றே பல் கட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், நான் மறுத்துவிடுவேன்.

அங்கிள் விஷயத்தில் என் பங்கும் உண்டு. எட்டு வாரம் மென்மையான சாப்பாடு என்று தாளில் எழுதித்தான் கொடுத்தேன், ஆனால் ஆங்கிலத்தில். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இப்போது தமிழிலேயே எழுதுகிறேன், பெயர் சொல்லியே: இடியாப்பம், கஞ்சி, மீன் சரி, முறுக்கு, கச்சான் (வேர்க்கடலை), ஆட்டு நல்லி கூடாது.

ஆடிய இம்ப்ளாண்டை எடுத்துவிட்டு, எலும்பு ஆறக் காத்திருந்து, சில மாதம் கழித்து மறுபடி வைத்தேன். இந்த முறை தற்காலிகத்துக்குக் கழற்றி மாட்டும் பல்தான். தாளை வாங்கியதும் அவர் முதலில் கேட்டது, "ஓமப்பொடி இதில் இல்லையே?"