டெஸ்ட் பாஸ் ஆனாலும் ஒளிந்திருக்கும் மெமரி பிழை

சி பிளஸ் பிளஸ் கோடை ரிவ்யூ செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: வெக்டாரின் (தேவைக்கேற்ப வளரும் பட்டியல்) ஓர் உறுப்புக்கு ரெஃபரன்ஸ் (அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு) எடுத்து வைத்துக்கொண்டு, அதே வெக்டாரில் புதிதாக எதையாவது சேர்க்கிறார்களா? சேர்க்கும்போது இடம் போதாவிட்டால், வெக்டார் வேறோர் இடத்தில் பெரிய மெமரியை வாங்கி, எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்விட்டுப் பழையதை விடுவித்துவிடும். கையில் இருக்கும் ரெஃபரன்ஸ் மட்டும் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும்.

டெஸ்டில் இது ஏன் சிக்குவதில்லை? அங்கே தரவு குறைவு. வெக்டாரில் இடம் மிச்சம் இருப்பதால் அது நகர்வதே இல்லை. நகர்ந்தாலும், விடுவித்த மெமரியில் பழைய மதிப்பு சில நேரம் அப்படியே கிடக்கும், விடையும் சரியாகவே வரும். புரோகிராம் ஓடும்போது மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் பிடித்துக்கொடுக்கும்தான், ஆனால் புரோகிராம் அந்த வழியில் உண்மையிலேயே ஓடியிருக்க வேண்டும்.

ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் இதே கோடு கம்பைல் ஆகாது. ஒரு மதிப்பை ஒரே சமயத்தில் பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம். இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது. வெக்டாரில் இடம் இருக்கிறதா என்று, இந்த விதியைச் சோதிக்கும் கம்பைலர் பகுதியான பாரோ செக்கர் பார்ப்பதில்லை. எடுத்த ரெஃபரன்ஸ் பின்னால் பயன்படுகிறது, நடுவில் வெக்டார் மாறுகிறது என்பதே மறுக்கப் போதும்.

மறுத்ததும் பலர் அவசரமாக ஒரு குளோன் (நகல்) போட்டு வாயை அடைக்கிறார்கள். பிழைச் செய்தி போய்விடும், ஆனால் அப்புறம் செய்யும் மாற்றமெல்லாம் நகலில் விழும், மூலத்தில் விழாது. ரெஃபரன்ஸுக்குப் பதில் இன்டெக்ஸை (உறுப்பின் வரிசை எண்) வைத்துக்கொள்ளுங்கள், அல்லது படித்து முடித்தபின் புதியதைச் சேருங்கள். அன்சேஃப் பிளாக்குக்குள் (பாதுகாப்பை எழுதுபவரே உறுதிசெய்ய வேண்டிய பகுதி) போவதாலும் பாரோ செக்கர் அணைந்துவிடாது. ரா பாயிண்டரை (கம்பைலர் சோதிக்காத வெறும் முகவரி) திறந்து படிப்பது போன்ற சில அனுமதிகள் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அங்கே ஏன் பாதுகாப்பு குலையாது என்று கமென்ட் எழுதாத கோடை ஏற்காதீர்கள்.

கம்பைலரால் எல்லாம் முடியாது. இன்டெக்ஸ் எல்லை மீறுகிறதா என்பது பெரும்பாலும் ஓடும்போதுதான் சோதிக்கப்படுகிறது. மீறினால் பேனிக் ஆகும், அதாவது ஓட்டம் அங்கேயே முறியும். மெமரி லீக்கையும் (வாங்கிய மெமரியை விடுவிக்காமலே விடுவது) ரஸ்ட் தடுப்பதில்லை.

பழைய கோடை முழுவதும் மாற்றி எழுத யாருக்கும் நேரம் இருக்காது, அது தேவையும் இல்லை. ஆண்ட்ராய்டில் 2019இல் பாதுகாப்புக் குறைகளில் 76% மெமரி சார்ந்தவை. 2024இல் அது 24%. புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற மெமரி பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாற்றியதே இதற்கு முக்கியக் காரணம். நீங்களும் வெளியிலிருந்து வரும் தரவைப் பிரித்துப் படிக்கும் பார்சரில் தொடங்குங்கள். அதுவரை, சி பிளஸ் பிளஸ் கம்பைலரான கிளாங்கின் டேங்ளிங் (அழிந்த இடத்தைக் காட்டும் ரெஃபரன்ஸ்) எச்சரிக்கைகளையாவது பில்டை நிறுத்தும் பிழைகளாக மாற்றி வையுங்கள். மேலே சொன்ன வெக்டார் பிழையை அவை பெரும்பாலும் பிடிக்காது; உடனே அழியும் தற்காலிக மதிப்புக்கு ரெஃபரன்ஸ் எடுப்பதைப் பிடிக்கும்.