போர் விமானிக்கு எந்தப் பதக்கம், எதன் அடிப்படையில்? இந்திய விமானப்படையின் வீர விருதுகளும் அவற்றின் உரிமைகளும்

1999 மே 27 அன்று கார்கில் போர்முனையில் இந்திய விமானப்படை இரண்டு போர் விமானங்களை இழந்தது. மிக்-27 விமானத்தின் என்ஜின் அணைந்துபோனதால் குதித்து வெளியேறிய ஃபிளைட் லெப்டினன்ட் நச்சிகேதா பாகிஸ்தான் படையினரிடம் சிறைப்பட்டு, சில நாட்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டார். அவர் எங்கே இறங்கினார் என்று கண்டறிவதற்காக, ஆபத்தை அறிந்தே அதே பகுதியில் மிக்-21 விமானத்தைச் செலுத்திய ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா, ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளாகி உயிரிழந்தார். அஹுஜாவுக்கு மறைவுக்குப் பின் வீர் சக்ராவும், நச்சிகேதாவுக்கு வாயு சேனா பதக்கமும் வழங்கப்பட்டன. ஒரே நாள், ஒரே போர்முனை, இரண்டு விருதுகள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, விருதோடு சேர்ந்து விமானிக்கும் குடும்பத்துக்கும் என்ன உரிமை கிடைக்கிறது என்பதைப் பலர் தெளிவாக அறிந்திருப்பதில்லை.

போர்க்கால வீரத்துக்கான மூன்று விருதுகள், அதாவது பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவை, 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தன. மூன்றுக்கும் அடிப்படையான நிபந்தனை ஒன்றே: தரையிலோ கடலிலோ வானிலோ, எதிரியின் முன்னிலையில் காட்டப்பட்ட வீரமாக அது இருக்க வேண்டும். பரம்வீர் சக்ராவுக்கு ஈடிணையற்ற துணிவோ தன்னுயிர் ஈகமோ தேவை. மற்ற இரண்டும் அதற்கு அடுத்தடுத்த நிலைகள். பதவி உயர்வைப் போலப் பணி ஆண்டுகளோ, பறந்த மணிநேரங்களோ, முடித்த தாக்குதல் பயணங்களின் எண்ணிக்கையோ இங்கே கணக்கில் வருவதில்லை. நூறு முறை எதிரி எல்லைக்குள் பறந்து திரும்பியவருக்கு இந்த விருது தானாகக் கிடைத்துவிடாது. முதல் முறை பறந்தவருக்குக் கிடைக்கவும் தடை இல்லை. குறிப்பிட்ட ஒரு செயல், அல்லது ஒரு போர்க்காலத்தில் தொடர்ந்து வெளிப்பட்ட வீரம், அதுவே அளவுகோல்.

போர் முறைப்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1971 நவம்பர் 22 அன்று, முழுப்போர் தொடங்குவதற்குப் பதினொரு நாட்களுக்கு முன்பே, வங்காளத்தின் போய்ரா பகுதியில் நேட் விமானங்களில் பறந்து பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்திய மாஸி, கணபதி, லாசரஸ் ஆகிய மூவரும் வீர் சக்ரா பெற்றனர். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான், 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21 பைசன் விமானத்தில் நடத்திய வான்சண்டைக்காக வீர் சக்ரா பெற்றதும் இவ்வகையில்தான். எதிரியின் முன்னிலை இருந்தது. போர் அறிவிப்பு இருக்கவில்லை.

எதிரி இல்லாத வேளையில் காட்டப்படும் வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்ற வேறொரு வரிசை இருக்கிறது. 2020 அக்டோபரில் தேஜஸ் விமானம் நடுவானில் கட்டுப்பாட்டை இழந்தபோது, குதித்துத் தப்பும் வாய்ப்பிருந்தும் அதைப் பத்திரமாகத் தரையிறக்கிய வருண் சிங்குக்கு அறிவிக்கப்பட்டது சௌர்ய சக்ரா. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் படுகாயமடைந்து மறைந்தவர் அவர். அவருடைய துணிவு வீர் சக்ராவுக்குரிய துணிவைவிடக் குறைந்தது என்று யாரும் கருத வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு வரிசைகள், அவ்வளவே.

இவற்றுக்கு அடுத்த நிலையில் இருப்பது 1960-இல் நிறுவப்பட்ட வாயு சேனா பதக்கம். இது வீரத்துக்காகவும் வழங்கப்படும், கடமையில் காட்டும் சிறப்பான அர்ப்பணிப்புக்காகவும் வழங்கப்படும்; இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனெனில் மாதப் படி, அதாவது விருதுக்காக அரசு மாதந்தோறும் தரும் தொகை, வீரத்துக்கான பதக்கத்துக்கு மட்டுமே உண்டு. 2019 பிப்ரவரி 26 அன்று பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதலில் பங்கேற்ற மிராஜ் விமானிகள் ஐவர் பெற்றது வீரத்துக்கான வாயு சேனா பதக்கம். அதே வாரத்தில் தரையிலிருந்து ரேடார் திரையைப் பார்த்தபடி நம் விமானிகளை வழிநடத்திய ஸ்குவாட்ரன் லீடர் மிண்டி அகர்வால் பெற்றதோ யுத்த சேவா பதக்கம். 1980-இல் தொடங்கிய யுத்த சேவா வரிசை, போர்க்காலத்தில் ஆற்றிய சிறந்த சேவைக்கானது. வீர விருது வரிசையில் அது சேராது.

பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேகோன். 1971 டிசம்பர் 14 அன்று ஆறு சேபர் விமானங்கள் ஸ்ரீநகர் விமானத்தளத்தைத் தாக்கின. முன்னால் சென்ற விமானம் கிளப்பிய புழுதியில் ஓடுபாதை மறைந்திருக்க, குண்டுகள் விழுந்து வெடித்துக்கொண்டிருந்த அந்த ஓடுபாதையிலிருந்தே அவர் தம் சிறிய நேட் விமானத்தை மேலே எழுப்பினார். எழும்பியவுடன் இரண்டு சேபர்களைத் துரத்தித் தாக்கினார். பின்னர் எதிரியின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவருடைய விமானம் விழுந்தது. பரம்வீர் சக்ராவின் விதி கேட்கும் தன்னுயிர் ஈகம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

ஒருவருக்கு ஒரே விருது இரண்டாம் முறை வழங்கப்பட்டால், புதிய பதக்கம் தரப்படுவதில்லை. நாடாவின்மேல் ஒரு பட்டை சேர்க்கப்படும். கேன்பரா விமானத்தில் அக்சாய் சின் பகுதியின்மேல் பறந்து சீனப்படையின் நடமாட்டத்தைப் படம்பிடித்த ஜக்மோகன் நாத், அதற்காக ஒருமுறையும் 1965 போருக்காக மறுமுறையும் மகாவீர் சக்ரா பெற்றார். ஆயுதமே இல்லாத உளவு விமானத்தில் சென்றவருக்கு இரண்டு மகாவீர் சக்ராக்கள் கிடைத்தது, விருதுக்கு எதிரி விமானத்தை வீழ்த்தியிருக்க வேண்டும் என்ற பொதுவான எண்ணம் தவறு என்பதைக் காட்டுகிறது. 1948-இல் டகோட்டா விமானத்தை லே பள்ளத்தாக்கில் முதன்முதலாக இறக்கிய மெஹர் சிங்குக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. அதுவும் சரக்கு விமானம்தான்.

பரிந்துரை தொடங்கும் இடம் விமானியின் சொந்த ஸ்குவாட்ரன், அதாவது அவர் பணிபுரியும் விமானப் பிரிவு. நடந்ததைக் கட்டளை அதிகாரி எழுத்தில் பதிவுசெய்து மேலே அனுப்ப, அது விமானத்தளம், விமானப்படைக் கட்டளையகம், டெல்லியிலுள்ள விமானப்படைத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகக் குழு எனப் படிப்படியாகப் பரிசீலிக்கப்பட்டு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குச் செல்கிறது. பெரும்பாலும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அறிவிப்பு வெளிவரும். பெயர்கள் இந்திய அரசிதழில் வெளியிடப்படும். விமானி தாமே விண்ணப்பிக்கும் வழி இதில் இல்லை. எனவே அந்த முதல் பதிவு எவ்வளவு முழுமையாக எழுதப்படுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பதிவு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யாவின் வரலாறு சாட்சி. குடகைச் சேர்ந்த அவர் 1965 செப்டம்பர் 7 அன்று, சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கச் சென்ற மிஸ்டியர் போர் விமான அணியில் மாற்று விமானியாக இருந்து, கடைசி நேரத்தில் சேர்ந்து பறந்தவர். அவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தவர் நம் தரப்பில் யாரும் இல்லை. ஆகவே எழுதவும் எதுவும் இல்லை. தம் விமானம் அடிபட்ட பின்னும் திரும்பி நின்று, தம்முடையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகமான ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை அவர் சுட்டு வீழ்த்தினார் என்ற செய்தி, பாகிஸ்தான் தரப்பு விவரங்கள் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தபோதுதான் தெரியவந்தது. 1988-இல், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, அவருக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டு, அவருடைய மனைவியிடம் வழங்கப்பட்டது. இவ்வளவு ஆண்டுகள் கடந்த பின்னும் விருது அளிக்கப்பட்டிருக்கிறது என்பதை இதே போன்ற நிலையிலுள்ள குடும்பங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீர் சக்ராவைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது வெள்ளியாலான வட்டம். நடுவே ஐந்து முனை விண்மீன், அதனுள் சக்கரம். பின்புறத்தில் விருதின் பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டு, இடையே இரண்டு தாமரை மலர்கள் இருக்கும். நாடாவில் ஒரு பாதி கருநீலம், மறுபாதி காவி. மகாவீர் சக்ராவின் நாடா வெள்ளையும் காவியும். பரம்வீர் சக்ரா வெண்கலத்தாலானது, நாடா ஊதா. பெயருக்குப் பின்னால் விருதின் சுருக்கெழுத்தைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். பட்டங்களைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவே படைத்துறைச் சிறப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது.

இனிப் பணம். 2017 ஆகஸ்ட் 1 முதல் இரட்டிப்பாக்கப்பட்ட விகிதப்படி, பரம்வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், மகாவீர் சக்ராவுக்கு 10,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய், வீரத்துக்கான வாயு சேனா பதக்கத்துக்கு 2,000 ரூபாய் மத்திய அரசின் படியாகக் கிடைக்கிறது. பட்டை பெற்றவருக்கு ஒவ்வொரு பட்டைக்கும் அதே தொகை தனியாக உண்டு. எல்லா நிலையிலும், சிப்பாய் முதல் மார்ஷல் வரை, தொகை ஒன்றே. பதவியைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பதில்லை. மேலும், பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா பெற்றவரின் ஓய்வூதியத்துக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(18) பிரிவு வரிவிலக்கு அளித்தது. சக்ரா வரிசை விருது பெற்றவர்களுக்கு, உடன் செல்லும் ஒருவரையும் சேர்த்து, ரயிலில் இலவசமாகப் பயணிப்பதற்கான பாஸ் வழங்கப்படுகிறது.

மாநில அரசுகள் இதற்கு மேல் தனியாக ரொக்கத் தொகை வழங்குகின்றன. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்; அந்தந்த மாநிலத்தின் அரசாணையே அளவை நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்காக அணுக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். விருது அறிவிக்கப்பட்ட அரசிதழின் நகல், பணிச் சான்று, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றைக் கையோடு கொண்டுசெல்வது அலைச்சலைக் குறைக்கும்.

விருது பெற்றவர் மறைந்த பின் படி அவருடைய மனைவிக்குச் செல்கிறது. திருமணமாகாத விமானிக்கு மறைவுக்குப் பின் விருது அளிக்கப்பட்டிருந்தால் அது தந்தைக்கோ தாய்க்கோ உரியது. இங்கே ஒரு பழைய அநீதியையும் அது நீங்கியதையும் சொல்லியாக வேண்டும். முன்பு, மறுமணம் செய்துகொள்ளும் விதவைக்கு இந்தப் படி நிறுத்தப்பட்டது. இறந்த கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே அது தொடர்ந்தது. ஒரு பெண் யாரை மணக்க வேண்டும் என்பதைக் கணவரின் பதக்கத்தோடு கட்டிப்போட்ட அந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2017 நவம்பரில் நீக்கியது. இப்போது சட்டப்படி மணம்புரிந்த மனைவி, மறுமணம் செய்துகொண்டாலும், தம் வாழ்நாள் முழுவதும் இந்தப் படியைப் பெறுகிறார். பழைய விதியால் படி நின்றுபோன பெண்கள் யாரேனும் உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இருந்தால், மாவட்ட நல அலுவலகத்தின் வழியாக அதை மீண்டும் கோரும்படி அவர்களிடம் சொல்லுங்கள்.