விரலுக்குத் தகுந்த கேம் ஷாஃப்ட்

அமெரிக்காவில் பழைய செவர்லே காரைச் சீர்செய்து ஓட்டுகிறவர்கள் பலருக்கு ஒரு சபலம் உண்டு. எஞ்சினில் வேறெதையும் தொடாமல், வால்வுகளைத் திறக்கவும் மூடவும் வைக்கும் கேம் ஷாஃப்டை மட்டும் மாற்றினால் வண்டி பறக்கும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விற்பனைப் பட்டியலைத் திறந்ததும் கண் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. பெரிய எண்கள் அங்கேதான் இருக்கின்றன. வாங்கிப் பொருத்திய பிறகு பழைய கேமோடு ஓடியதைவிட வண்டி மந்தமாகப் போவதும் நடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மந்தம்!

ஏன் அப்படி ஆகிறது என்று பார்க்க, மிகவும் அறியப்பட்ட ஓர் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். செவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி-8 வரிசை 1955 மாடல் கார்களில் அறிமுகமானது. அதில் 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர் கொண்ட எஞ்சின் 1967 காமரோவில் வந்தது. 1970 கார்வெட்டில் இதே கொள்ளளவுள்ள எல்டி-1 எஞ்சினுக்கு 370 குதிரைத்திறன் என்று எழுதினார்கள். 1975இல் இரட்டைத் துளைக் கார்புரேட்டரோடு வந்த 350க்கு எழுதியது 145. இந்த வீழ்ச்சியில் ஒரு பங்கு கணக்கு முறையால் வந்தது. முன்பு எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தார்கள். 1972 மாடல்களிலிருந்து மின்விசிறி, சைலென்சர் எல்லாம் பூட்டியபடி அளந்த எண்ணையே வெளியிட்டார்கள். மீதி வீழ்ச்சி நிஜம். எல்டி-1இன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்றை அமுக்கும் விகிதம், 11:1. பின்னால் வந்த எஞ்சினில் அது 8.5:1 அளவுக்கு இறங்கிவிட்டது. கேமும் சாதுவானது. அந்தச் சாது எஞ்சின்தான் இன்று பலர் கையில் இருக்கிறது.

கேம் ஷாஃப்ட் என்பது வால்வுகளுக்கான கால அட்டவணை. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று. அதிலுள்ள ஒவ்வொரு மேடும் ஒரு லிஃப்டரைத் தூக்குகிறது. லிஃப்டர் புஷ் ராடைத் தள்ள, ராக்கர் ஆர்ம் வால்வை அமுக்கித் திறக்கிறது. இந்த எஞ்சினில் ராக்கரின் விகிதம் 1.5. மேடு 7.6 மில்லிமீட்டர் தூக்கினால் வால்வு 11.4 மில்லிமீட்டர் திறக்கும்.

எவ்வளவு திறக்கிறது என்பதைவிட, எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பதே பெரிய விஷயம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே வர எடுத்துக்கொள்வது 6 மில்லிவினாடி. அதற்குள் சிலிண்டர் நிறைய வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு. நின்ற இடத்திலிருந்து கிளம்ப அதற்கும் நேரம் வேண்டும். கிளம்பி வேகம் பிடித்துவிட்டால் சட்டென்று நிற்காது. அதனால் பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும், காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வைச் சற்று நேரம் திறந்தே வைக்கிறார்கள். காலை நேரத்து டவுன் பஸ்ஸில் நடத்துநர் விசில் ஊதி, வண்டி நகர்ந்த பிறகும் பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிற தள்ளலில் இரண்டு பேர் படியேறிவிடுகிறார்கள் அல்லவா, அதே கதை.

ஆனால் தள்ளுவதற்குக் கூட்டம் வேண்டும். 1,500 சுற்றில் காற்று நிதானமாக வருகிறது. அப்போது வால்வு தாமதமாக மூடினால், மேலே ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. பட்டியலில் எந்த எண்ணைப் பார்ப்பது என்று ஒருவர் கேட்டால், இன்லெட் வால்வு மூடும் நேரத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன். குதிரைத்திறனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 350 எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 88.4 மில்லிமீட்டர், கனெக்டிங் ராடின் நீளம் 144.8 மில்லிமீட்டர். பிஸ்டன் அடிமட்டம் தாண்டி, கிராங்க் ஷாஃப்ட் 52 டிகிரி திரும்பியதும் இன்லெட் வால்வை மூடும் சிறிய கேம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வால்வு மூடும்போது பிஸ்டன் மேலே போக வேண்டிய தூரம் இன்னும் 75.7 மில்லிமீட்டர் பாக்கி. காற்று உண்மையில் அமுக்கப்படுவது அந்தத் தூரத்துக்குத்தான். காகிதத்தில் 8.5 என்றிருக்கும் கம்ப்ரஷன் இப்போது 7.4. நடுத்தரக் கேம் 60 டிகிரியில் மூடினால் 7.1. பட்டியலின் கடைசிப் பக்கத்துக் கேம் 72 டிகிரியில் மூடுகிறது. பாக்கித் தூரம் 64 மில்லிமீட்டர்தான், கம்ப்ரஷன் 6.4. சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஏன் தூங்கி எழுந்ததுபோல் நகர்கிறது என்பதற்கு இந்த 6.4 போதுமான பதில். பந்தய எஞ்சின்காரர்கள் இதே கேமைப் போட்டு வெற்றி பெறுகிறார்களே என்றால், அவர்கள் கம்ப்ரஷனை 10, 11 என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள். இழப்பதற்கு அவர்களிடம் கையிருப்பு இருக்கிறது.

பட்டியலில் வால்வு திறந்திருக்கும் காலம் இரண்டு விதமாக அச்சிட்டிருக்கும். 268 டிகிரி என்பது போன்ற பெரிய எண் விளம்பரத்துக்கானது. அளவை எங்கே தொடங்குவது என்பதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். லிஃப்டர் 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர் எழும்பிய பிறகு அளந்த எண்தான் ஒப்பிட உகந்தது. அந்த அளவில், சாதுவான 350இன் தொழிற்சாலைக் கேம் இன்லெட்டுக்கு 195 டிகிரி அளவில் நிற்கும். இது பத்து டிகிரி கூடினால் எஞ்சின் நன்றாக இழுக்கும் எல்லை சுமார் 500 சுற்று மேலே நகரும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கைக்கணக்கு. சிறிய எஞ்சினில் அதே கேம் இன்னும் முரடாக நடந்துகொள்ளும், பெரிய எஞ்சினில் அடங்கிப் போகும்.

இனி அந்தச் சத்தம். பெரிய கேம் போட்ட வி-8 சும்மா நிற்கும்போது ஒரே சீராக உறுமாது. தடுமாறித் தடுமாறி, விட்டு விட்டு அதிரும். அந்தத் தாளத்துக்காகவே கேம் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க எனக்கும் பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அது பலத்தின் ஒலி அல்ல. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள் இன்லெட் வால்வு திறந்துவிடுவதால், கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கின்றன. வேகமாக ஓடும்போது வெளியேறும் புகை தன் பின்னால் புதுக் காற்றை இழுத்துக்கொண்டு வருவதால் அது ஆதாயம். சும்மா நிற்கும்போதோ புகை திரும்பி உள்ளே நுழைந்து புதுக் கலவையோடு கலக்கிறது. சில சுற்றுகளில் கலவை சரியாகப் பற்றுவதில்லை. நாம் ரசிக்கும் தாளம் அந்தப் பற்றாத சுற்றுகளின் தாளம்.

இன்லெட் 268, எக்ஸாஸ்ட் 280 டிகிரி, இரண்டு மேடுகளின் உச்சிகளுக்கும் இடையே 110 டிகிரி என்று இருந்தால், இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருப்பது 54 டிகிரி. அதே மேடுகளை 114 டிகிரி தள்ளி வைத்தால் 46 ஆகிவிடும். ஐடிலிங், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் ஓட்டம், அடங்கும்; தாளமும் குறையும். இது ரசனையோடு நிற்கும் விஷயம் அல்ல. தொழிற்சாலை நிலையில் உள்ள எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்று உள்ளே வரும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டில் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் இருக்கும். பவர் பிரேக் அந்த வெற்றிடத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. இரண்டு வால்வுகளும் நெடுநேரம் சேர்ந்து திறந்திருந்தால் அது கிட்டத்தட்டப் பாதியாகக்கூட இறங்கலாம். மிதிக்கும்போது பிரேக் கல்போல் நிற்கும்.

வண்டியின் மற்றப் பாகங்களையும் கேட்டுத்தான் கேம் வாங்க வேண்டும். 1970களின் பிற்பகுதியில் பல கார்களுக்குப் பின் அச்சில் 2.73 விகிதப் பல்சக்கரம் போட்டார்கள். 27 அங்குல டயரோடு, ஓவர்டிரைவ் இல்லாத மூன்று கியர் பெட்டியில், மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் ஓடுவது ஏறக்குறைய 2,040 சுற்றுதான். '2,500 முதல் 6,500 வரை' என்று எழுதியிருக்கும் கேமுக்கு அங்கே வேலையே இல்லை. பல்சக்கரத்தை 3.73க்கு மாற்றினால் அதே வேகத்தில் 2,785 சுற்று வரும். பெட்ரோல் செலவும் கூடவே வரும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரும் ஒத்துவர வேண்டும். இந்தச் செலவையெல்லாம் சேர்த்தால் கேமின் விலை அதில் சின்னத் தொகை.

வால்வுகள் உட்கார்ந்திருக்கும் பழைய சிலிண்டர் ஹெட் இன்னொரு எல்லை போடுகிறது. தொழிற்சாலைக் கேம் இன்லெட் வால்வைச் சுமார் 9.9 மில்லிமீட்டர் திறந்தது. கடைக் கேம்கள் 12ஐத் தொடுகின்றன. அந்த உயரத்தில் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் மூடி, வால்வு நேராக ஓட வழிகாட்டும் கைடின் தலையில் போய் இடிக்கலாம், ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் ஹெட்டில் அளந்து பார்ப்பது அரை நாள் வேலை. ஸ்பிரிங்கைப் புதுக் கேமோடு சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது.

ஹெட்டைத் தொடாத, கம்ப்ரஷன் 8.5ஐத் தாண்டாத 350க்கு என்னைக் கேட்டால் 0.050 அளவில் இன்லெட்டுக்கு 204 முதல் 212 டிகிரி, உச்சிகளுக்கு இடையே 112 டிகிரி என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எக்ஸாஸ்ட் பக்கம் எட்டுப் பத்து டிகிரி கூட இருக்கலாம், பழைய ஹெட்டின் எக்ஸாஸ்ட் வழி குறுகல். கேட்பவர் முகம் வாடும். 218 வரை போகலாமா என்பார். நாலு துளைக் கார்புரேட்டரும் நல்ல எக்ஸாஸ்ட் குழாயும் இருந்தால் போகலாம்.

வாங்கிய கேம் உயிரோடு இருப்பது முதல் இருபது நிமிடத்தைப் பொறுத்தது. 1987க்கு முந்தைய இந்த எஞ்சின்களில் லிஃப்டருக்கு உருளை கிடையாது. தட்டை அடிப்பாகம் மேட்டின் மீது நேரடியாகத் தேய்கிறது. தட்டை என்கிறோமே தவிர அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குவிந்திருக்கும், மேடும் ஒரு பக்கம் துளி சரிந்திருக்கும். அதனால் லிஃப்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுழன்று, தேய்மானத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது. புதிதில் சுழல மறுத்த லிஃப்டர் மேட்டைச் சில நிமிடங்களில் வழித்தெடுத்துவிடும். அதற்காகத்தான் மேடுகளில் கருப்பு மாலிப்டினப் பசையைத் தடவி, துத்தநாகச் சேர்மம் கலந்த எண்ணெயை ஊற்றி, கிளப்பியவுடன் 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது, முப்பது நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள். கிராங்க் ஷாஃப்ட் வாரியடிக்கும் எண்ணெய்தான் மேடுகளை நனைக்கிறது. மெதுவாக ஓடினால் அது போதாது. ஐடிலிங்கை ரசிக்க அது நேரம் அல்ல.

முடிந்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. கருப்புப் பசையின் கறை இருந்தால் கவலை இல்லை. வெள்ளித் துகள் மினுமினுத்தால் வால்வு மூடியைத் திரும்பக் கழற்றி, பதினாறு ராக்கரில் எது குறைவாக எழும்புகிறது என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டியதுதான்.