சப்ளை செயின் ரிஸ்க்: ‘விநியோகம்’ எங்கே இடறுகிறது?

‘கிராஸ்-இண்டஸ்ட்ரி சப்ளை செயின் ரிஸ்க் மேனேஜ்மென்ட் கவுன்சில்’ என்ற பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் சப்ளை செயின். செய்தித்தாள்களும் நிறுவன அறிக்கைகளும் அதை ‘விநியோகச் சங்கிலி’ என்றே எழுதுகின்றன. நாவுக்குப் பழகிவிட்டது, பொருள்தான் பாதி வருகிறது. விநியோகம் என்பது கையில் இருப்பதைப் பலருக்கும் பிரித்துக் கொடுப்பது. ரேஷன் கடை ஏற்பாட்டுக்குப் ‘பொது விநியோகத் திட்டம்’ என்று பெயர் வைத்தது சரி, அங்கே நடப்பது அதுதான். சப்ளை செயின் ஆலையின் பின்வாசலிலிருந்தே தொடங்கிவிடுகிறது. உதிரிபாகம் செய்து தருபவர், அவருக்குப் பிளாஸ்டிக் பிசின் (ரெசின்) தருபவர், அந்தப் பிசினுக்கு மூலமான வேதிப்பொருளைக் காய்ச்சும் ஆலை, எல்லாரும் அதில் கண்ணிகள்.

சொல் தவறினால் ஆளும் தவறும். பல தொழில்களைச் சேர்ந்த நிறுவனங்கள் கூடிப் பேசும் மன்றத்துக்கு ‘விநியோகச் சங்கிலி இடர்’ என்று அழைப்பு போனால், கிடங்குப் பொறுப்பாளரும் லாரி ஏற்பாடு செய்பவரும் வருவார்கள். எந்தப் பொருளுக்கு ஒரே ஓர் ஆலையை நம்பியிருக்கிறோம் என்று தெரிந்த கொள்முதல் ஆள் வரமாட்டார்.

சப்ளை என்பதன் வேர் லத்தீனில் ‘சுப்ளேரே’, குறைந்ததை நிரப்புதல். தமிழில் இதற்கு ‘வழங்கல்’ நன்றாகவே பொருந்துகிறது. இலங்கையின் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெயரில் அது நெடுநாளாக இருக்கிறது. ‘சப்ளை செயின் மேனேஜ்மென்ட்’ என்ற முழுத்தொடரைப் பரவச் செய்தவராக, 1982இல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நேர்காணலில் அதைச் சொன்ன ஆலோசகர் கீத் ஆலிவரைக் குறிப்பிடுவார்கள்.

செயினுக்குச் சங்கிலியா, தொடரா? சங்கிலி, வடமொழி ‘ச்ருங்கலா’வின் வழி வந்தது. தொடர் பழந்தமிழ். புறநானூற்றின் 74ஆம் பாட்டில், சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை ‘தொடர்ப்படு ஞமலியின் இடர்ப்படுத்து இரீஇய’ என்கிறான்: சங்கிலியில் கட்டிய நாயைப்போல் துன்புறுத்தி வைத்த என்று பொருள். நமக்கு வேண்டிய தொடர், இடர் இரண்டும் ஒரே அடியில் இருக்கின்றன. கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்ததால் பிறந்த பாட்டு அது என்று அதன் பழைய குறிப்பு சொல்வதும் இந்தத் தலைப்புக்குப் பொருத்தந்தான்.

ஆனாலும் கலைச்சொல்லுக்குத் தொடரைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ‘வழங்கல் தொடர் இடர்’ என்று எழுதினால், வழங்கலில் தொடர்ந்து வரும் இடர் என்றே இன்றைய கண் படிக்கும். ஒட்டி எழுதினால் புணர்ச்சி விதி ‘வழங்கற்றொடர்’ என்று கேட்கும், அதை யாரும் எழுதப்போவதில்லை. ‘வழங்கல் சங்கிலி’யில் இந்தக் குழப்பம் இல்லை.

ரிஸ்க் கடல் வணிகத்தில் வளர்ந்த சொல். 12ஆம் நூற்றாண்டு ஜெனோவாவின் வணிக ஒப்பந்தங்களில் ‘ரெசிகும்’ என்று வருகிறது. அதற்கு முந்திய வேர் அரபியின் ‘ரிஸ்க்’, அதாவது இறைவன் அளித்த வாழ்வாதாரம், என்பார் உண்டு. கிரேக்கம் என்பாரும் உண்டு. வழக்கு முடிந்தபாடில்லை. ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக வந்தது.

தமிழில் இடர் என்றால் நேர்ந்துவிட்ட துன்பம். ரிஸ்க் இன்னும் நேராதது. ரிஸ்க் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 31000 அதைக் ‘குறிக்கோள்கள்மீது நிச்சயமின்மை ஏற்படுத்தும் விளைவு’ என்று வரையறுக்கிறது. இலங்கை வழக்கில் உள்ள ‘இடர்நேர்வு’ இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது, தமிழகமும் எடுத்துக்கொள்ளலாம். ஆலை எரிந்தது இடர். எரியக்கூடும், எரிந்தால் நம் உற்பத்தி நிற்கும் என்பது இடர்நேர்வு. உற்பத்தி நின்றது இடையூறு. மூன்றையும் ‘ஆபத்து’ என்று எழுதும் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது.

மிச்சம் இருப்பது கிராஸ்-இண்டஸ்ட்ரி கவுன்சில். ‘பல்துறை’ என்றால் ஒரே நிறுவனத்தின் கொள்முதல், நிதி, தரக் கட்டுப்பாட்டுத் துறைகள் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டியது ‘பல்தொழில்’. கவுன்சிலின் வேரான ‘கொன்சிலியும்’ கூட்டி அழைத்தலைக் குறிக்கும். ஆணையமும் வாரியமும் உத்தரவிடும். இங்கே ஒருவர் மற்றவருக்கு உத்தரவிட முடியாது என்பதால் ‘மன்றம்’ போதும். ஆக, ‘வழங்கல் சங்கிலி இடர்நேர்வு மேலாண்மைப் பல்தொழில் மன்றம்’. நீளந்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலை செய்கிறது.

பல தொழில்கள் எதற்கு? 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஃபுகுஷிமா மாகாணத்தில், ஒனஹாமாவில் இருந்த மெர்க் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலை நின்றது. வண்டிப் பூச்சுக்கு மினுமினுப்புத் தரும் ஸிராலிக் நிறமி அப்போது உலகிலேயே அங்கு மட்டுந்தான் உற்பத்தியானது. ஃபோர்டு முதலிய நிறுவனங்கள் சில நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்தின. பெயிண்ட் தருபவர்கள் பலர் இருந்தும், அவர்கள் எல்லாருக்கும் பின்னால் ஒரே ஆலை. அடுத்த ஆண்டு மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலை வெடித்து இருவர் இறந்தனர். வண்டிகளின் எரிபொருள், பிரேக் குழாய்களுக்கான பிஏ-12 என்ற நைலான் வகையின் மூலப்பொருள் வரத்து அறுந்தது. அந்த நைலான் சூரிய மின்தகட்டுக்கும் போகிறது. மூன்று வாரத்துக்குள் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே வாகனத் தொழிலைச் சேர்ந்த ஏறக்குறைய 200 பேர் கூடி, மாற்றுப் பொருள்களின் சோதனையை விரைவுபடுத்தப் பேசினார்கள். விபத்துக்குப் பின் கூடிய கூட்டம் அது. மன்றத்தின் வேலை அதற்கு முன்பே தொடங்கவேண்டும்.

அமெரிக்காவில் சப்ளை செயின் ரிஸ்க் லீடர்ஷிப் கவுன்சில் என்று இப்படியொரு மன்றம் அமைந்து, 2011இல் நடைமுறைத் தொகுப்பும் வெளியிட்டது. இதுபோன்ற மன்றம் இழுத்து மூடப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு.

முதலாவது சட்டப் பயம். போட்டியாளர்கள் ஒரே அறையில் உட்காரும்போது விலை, ஆர்டர் அளவு, யாரிடம் வாங்கக்கூடாது என்பவை வாயில் வரவே கூடாது; இந்தியாவில் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இதைத் தொடும். நிகழ்ச்சி நிரலை முன்னதாக வழக்கறிஞர் பார்க்கவேண்டும், கூட்டத்திலும் அவர் இருக்கவேண்டும். பேசியதை வெளியே பயன்படுத்தலாம், பேசியவர் யாரென்று சொல்லக்கூடாது என்ற சாத்தம் ஹவுஸ் விதியை எழுதிக் கையொப்பம் வாங்குவது நல்லது. அவரவர் சப்ளையர் பட்டியலை ஒருவருக்கொருவர் காட்டவேண்டியதில்லை. நடுநிலையான ஒருவரிடம் ஆலைகளின் முகவரியை மட்டும் கொடுத்தால், எந்தத் தளத்தை எத்தனை உறுப்பினர்கள் நம்பியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை அவர் திருப்பித் தருவார். நிறுவனத்தின் பெயரைக் கேட்காமல் ஆலை முகவரியைக் கேட்பதுதான் இதில் முக்கியம்; தீ முகவரியில்தான் பிடிக்கிறது.

இரண்டாவது காரணம் மறுபடியும் சொல். இடர்நேர்வின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டும் வரைபடம் ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். மருந்துக்காரரின் சிவப்பு எஃகுக்காரருக்குப் பச்சை. அதற்குப் பதில் வாரக்கணக்கில் இரண்டு எண் கேட்கலாம்: ஆலை விழுந்தால் மீள எத்தனை வாரம், அதுவரை கையிருப்பும் மாற்று வழியும் தாங்குவது எத்தனை வாரம். மீளுங்காலம் 12, தாங்குங்காலம் 3 என்றால் 9 வாரம் வெறுங்கை. இங்கும் ‘மீட்பு’ வழுக்கும். காப்பீட்டுக்காரருக்குக் கட்டடம் எழுந்தால் மீட்பு, ஆலைக்காரருக்கு முதல் சரக்கு வெளியே வந்தால் மீட்பு, வாங்குபவருக்குப் பழைய அளவு முழுதும் வந்து, தரச் சோதனையும் தேறினால்தான் மீட்பு. இதில் எதைக் கணக்கில் எடுப்பது என்று முதல் அமர்விலேயே எழுதிவிட்டுத்தான் படிவத்தை அனுப்பவேண்டும்.