படத்தின் பின்பக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

சென்ற ஆண்டு மார்கழி மழைக்குள் ஓர் அக்கா பிஸ்கற் தகரம் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு எங்கள் ஸ்ரூடியோவுக்கு வந்தார். தகப்பனாரின் செத்தவீட்டுக்காகக் கனடாவிலிருந்து வந்தவர். அந்தியேட்டிக் கிரியைக்கு முன் கல்வெட்டு என்ற நினைவு நூல் அச்சாக வேண்டும், அதில் சேர்க்கப் பழைய படங்களை ஸ்கான் செய்து தர வேண்டும் என்றார். தகரத்துக்குள் அறுபது படங்கள்வரை இருந்தன. ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆசைக்குக் கமரா வைத்திருந்தவர். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பென்சிலால், கரும்பலகையில் எழுதிப் பழகிய கையின் அழகோடு, ஒரு வரி இருந்தது. "எஃப் 8, 1/125, மாலை வெயில்." "எஃப் 5.6, 1/60, மப்பு." எந்த பிலிம், ரோலில் எத்தனையாவது படம் என்பதுகூட உண்டு.

ஒரு படத்தில் வேப்பமரத்தடியில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது அம்மா. மற்றவர்கள் யாரென்று எனக்குத் தெரியவில்லையே" என்றார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

அந்தப் படம் எந்த வெளிச்சத்தில், எந்தத் துளை அளவில், ஒரு செக்கனில் எத்தனையில் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கப்பட்டது என்று என்னால் சொல்ல முடிந்தது. யாரை, எங்கே, எந்த ஆண்டில் எடுத்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஐயாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் வீட்டுக்கு வந்துபோகும் மைத்துனியின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

என்னிடம் தொழில் பழக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதுண்டு: "அண்ணா, படத்தின் தொழினுட்ப விபரங்களைக் குறித்துவைக்க வேண்டுமா? கமராவே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறதே?" எழுதிவிடுகிறது, உண்மைதான். ஜப்பானின் மின்னணுத் தொழில் அமைப்பொன்று 1995இல் வகுத்த எக்சிஃப் என்ற முறைப்படி, கமராவின் மாதிரி, லென்ஸின் துளை அளவு, ஷட்டர் வேகம், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண், லென்ஸின் குவியத்தூரம், திகதி, நேரம் எல்லாம் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. அவற்றை மறுபடியும் கொப்பியில் எழுதுவது வீண் வேலை. கமராவுக்குத் தெரியாததைத்தான் நாம் எழுத வேண்டும்.

கமராவுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. பிளாஷ் எரிந்ததா என்பதைப் பதியும். அது மணவறைக்கு இடப்புறம் நின்றதா, தூணுக்குப் பின்னால் நின்றதா என்று பதியாது. கமராவில் பூட்டாமல், ரேடியோ டிரிகரால் தூரத்திலிருந்து எரியும் பிளாஷ் என்றால் பெரும்பாலும் "எரியவில்லை" என்றே பதிந்துவிடும். பழைய லென்ஸ் ஒன்றை அடாப்டர் போட்டு மாட்டினால் துளை அளவு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, எதில் பட்டுத் தெறித்தது என்பதுதான் ஒரு படத்தின் பாதி உயிர். அதனால் என் பையில் எப்போதும் ஒரு சி.ஆர். கொப்பி கிடக்கும். மண்டபத்துக்குப் போனதும் கூரை என்ன நிறம், யன்னல் எந்தத் திசை, விளக்குகள் மஞ்சளா வெள்ளையா என்று ஒரு சிறு வரைபடம் போட்டுக்கொள்வேன். அடுத்த தடவை அதே மண்டபத்துக்குப் போகும்போது அந்த ஒரு பக்கம் எனக்கு அரை மணித்தியாலத்தை மிச்சப்படுத்துகிறது.

இன்னொருவரின் எண்களைப் பார்த்து அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்லூர்த் தேரன்று ஒருவர் எஃப் 8, 1/500 வைத்து எடுத்த படம் நன்றாக இருக்கிறதென்று மறு ஆண்டு அதையே வைத்தால், அன்று காலை மப்பாக இருந்தால் என்ன செய்வது? நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் என்று பிலிம் காலத்தில் ஒரு விதி இருந்தது. மணற்காட்டு வெண்மணலில் அது எஃப் 22 ஆகிவிடும். மணலே ஒரு விளக்கு. எண்ணோடு அந்த மணலையும் சேர்த்துக் குறித்தால்தான் எண்ணுக்குப் பயன்.

திகதிக்கு வருகிறேன். அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ், நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலவு எழும் காட்சியை எடுத்தார். அவருடைய படங்களில் மிகவும் புகழ்பெற்றவற்றுள் அது ஒன்று. அவசரத்தில் வெளிச்சமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கண்டில் என்பது நினைவில் இருந்ததால் அதை வைத்தே மனக்கணக்குப் போட்டு எடுத்தார். அத்தனை துல்லியமான மனிதர் திகதியைக் குறிக்கவில்லை! பிற்காலத்தில் 1940 முதல் 1944 வரை வேறு வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். கடைசியில் வானியல் அறிந்தவர்கள் நிலவு நின்ற இடத்தை வைத்துக் கணக்கிட வேண்டியிருந்தது. 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று 1991இல் முடிவு வெளியானது. நம் வீட்டுப் படங்களில் நிலவு இருக்கப்போவதில்லை, தேடித்தர வானியலாளரும் வரப்போவதில்லை.

கமராவின் மணிக்கூட்டையும் நம்பிவிடாதீர்கள். ஒரு கல்யாணத்தில் நானும் தம்பி ஒருவரும் இரண்டு கமராக்களில் எடுத்தோம். அவருடைய கமராவில் நேரம் பதினொரு நிமிடம் பிந்தியிருந்தது. அல்பத்துக்காக இரண்டையும் சேர்த்து அடுக்கியபோது, தாலி கட்டி முடிந்த பிறகு கூறை கொடுப்பதுபோல் படங்கள் வந்து நின்றன. நாலாயிரம் படங்களைக் கையால் அடுக்கினோம். புலம்பெயர் உறவினரின் கமரா என்றால் இன்னும் சிக்கல். ஆவணியில் காலை 10.12க்கு எடுத்த படம், ரொறன்ரோ நேரத்திலேயே இருந்த கமராவில் நள்ளிரவு தாண்டி 12.42 என்று பதிந்திருந்தது. இப்போது வேலை தொடங்குமுன் எல்லாக் கமராக்களாலும் என் கைத்தொலைபேசியின் மணிக்கூட்டை ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். எத்தனை நிமிடம் பிழை என்று அதிலிருந்து தெரிந்துவிடும்.

பழைய டிஜிட்டல் படங்களில் நம் நாட்டுக்கே உரிய ஒரு கவனம் வேண்டும். 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது, அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணி பின்வாங்கியது, 2006 ஏப்ரலில் மறுபடியும் பழைய நிலைக்கு வந்தது. அந்தக் காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே புழங்கியது. எந்தப் பக்கத்தில் நின்று எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் மணியே பொய்யாகிவிடும்.

பெயர்களைக் கோப்புக்குள்ளேயே எழுதலாம். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களான லைட்ரூமிலும், இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாமிலும் விளக்கத்துக்கு ஓர் இடம் உண்டு. தயவுசெய்து யூனிகோடில் எழுதுங்கள். பாமினியில் தட்டச்சிட்ட பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விபரங்கள் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் நிற்கும். அப்படி நிற்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கைத்தொலைபேசி படத்தோடு இடத்தையும் பதிந்திருக்கும். நகை போட்ட பெண்ணின் படமும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் படமும் வீட்டு வாசல்வரை வழிகாட்டிவிடக் கூடாது. உங்கள் கையிருப்பில் இடம் இருக்கட்டும், வெளியே கொடுக்கும் பிரதியில் அதை நீக்கிவிடுங்கள். அச்சுப் பிரதி என்றால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், முகத்துக்குப் பின்னால் வராமல் ஓரத்தில் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை முன்பக்கத்தில் தடம் போடும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் எங்கள் ஊரான யாழ்ப்பாணம். 1981இல் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் போரால் வலிகாமப் பகுதியே எழும்பி இடம்பெயர்ந்து நடந்தபோது யார் அல்பத்தைத் தூக்கினார்கள்? முந்தைய ஸ்ரூடியோக்களில் ஒவ்வொரு நெகற்றிவ்வுக்கும் இலக்கம் இருக்கும், இலக்கத்துக்கு நேரே பெயரும் திகதியும் தடித்த பதிவேட்டில் இருக்கும். என் குருவின் பதிவேடுகள் அந்த இடப்பெயர்வோடு போயின. பின்பக்கத்தில் அவருடைய முத்திரையும் இலக்கமும் உள்ள படங்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. அந்த இலக்கங்களைத் திறக்கும் புத்தகம்தான் இல்லை. 2005 முதல் நம்மவர் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஒரு படத்தைக் கொடுப்பதானாலும், குறிப்பு இருந்தால்தானே தேடுகிறவர் கண்ணில் அது படும்?

வேப்பமரப் படத்தை அக்கா ஊரில் வயதான ஓர் ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஆறு பேரின் பெயர் கிடைத்தது. மூவருடையது கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு கல்யாண அல்பத்தோடும் குழுப்படங்களைச் சிறிதாக அச்சிட்டு, ஒவ்வொரு தலைக்கும் இலக்கமிட்டு, எதிரே வெற்றுக் கோடு போட்ட தாள்களைக் கொடுக்கிறேன். வீட்டுப் பெரியவர்களை இருத்தி நிரப்பித் தரச் சொல்கிறேன். கொடுப்பதில் பாதிகூடத் திரும்பி வருவதில்லை. வந்தவற்றை அன்றே கோப்பில் ஏற்றிவிடுகிறேன். வராத வீடுகளுக்கு, தாத்தா பாட்டி இருக்கிற வீடுகளுக்கு முதலில், மறுபடியும் தொலைபேசி எடுக்கிறேன்.